காற்றின் வழியே கடல் சேரும் உரம்

உழவர் ஒருவர் தம் வயலில் யூரியாவை இறைத்துவிட்டுக் கரையேறுகிறார். இறைத்த தழைச்சத்து முழுவதையும் பயிர் எடுத்துக்கொள்வதில்லை. உலகின் விளைநிலங்களை ஒருசேரக் கணக்கிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், இடப்படும் தழைச்சத்தில் ஏறத்தாழப் பாதியே விளைபொருளாக வீடு வந்து சேருகிறது என்கின்றனர். எஞ்சியதில் ஒரு பகுதி பாசன நீரோடு வழிந்து வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் செல்கிறது. மற்றொரு பகுதி அம்மோனியா வாயுவாகிக் காற்றில் ஏறுகிறது. ஆற்றோடு போன பங்கைப் பற்றி நாம் ஓரளவு அறிவோம். பச்சைப் பாசி மூடிய ஏரிகளும் மீன் செத்து மிதக்கும் கழிமுகங்களும் அதற்குச் சாட்சி. காற்றில் ஏறிய பங்கு எங்கே போய் இறங்குகிறது என்பதைத்தான் நாம் பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை. அதில் கணிசமான ஒரு பகுதி கடலில் இறங்குகிறது. அதுவும் கரையோரத்தில் மட்டுமன்று. எந்த ஆற்று நீரும் எட்டிப் பார்க்காத நடுக்கடலிலும் அது மழையோடும் தூசியோடும் இறங்கிக்கொண்டிருக்கிறது.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பங்கு நைட்ரஜன். அவ்வளவு மிகுதியாக இருக்கும் ஒரு பொருளுக்கு உயிரினங்கள் ஏங்கித் தவிக்கின்றன என்பது வியப்புக்குரியது. காற்றிலுள்ள நைட்ரஜனின் இரண்டு அணுக்கள் மும்மடங்குப் பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்த்து அம்மோனியாவாகவோ நைட்ரேட்டாகவோ மாற்றினாலன்றித் தாவரத்திற்கு அது பயன்படாது. மின்னல் அக்கட்டைச் சிறிதளவு அவிழ்க்கிறது. மற்றபடி இயற்கையில் அவ்வாற்றல் சிலவகை நுண்ணுயிர்களுக்கே வாய்த்திருக்கிறது.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். நைட்ரஜன் என்னும் பெயரின் முதற்பகுதியும் அரபு மொழியின் நத்ரூனும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அம்மோனியாவின் பெயர் எகிப்தின் மேற்குப் பாலைவனத்துச் சீவா சோலையில் இருந்த ஆமோன் கோயிலோடு தொடர்புடையது. நம் சித்த மருத்துவ நூல்கள் நவச்சாரம் என்றும் அரபு இரசவாதிகள் நூஷாதிர் என்றும் வழங்கிய உப்பு அம்மோனியம் குளோரைடே ஆகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் மருந்தியல் அறிஞர் இப்னுல் பைத்தார், வெடியுப்புக்குச் 'சீனத்துப் பனி' என்றொரு பெயர் வழங்கியதை எழுதி வைத்திருக்கிறார். வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட். சீனத்துக் கடலில் இன்று வானிலிருந்து இறங்கும் நைட்ரேட்டைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெயர் நினைவுக்கு வராமல் போவதில்லை.

கடலில் இந்தச் சத்துக்கான தட்டுப்பாடு நிலத்தைவிடக் கடுமையானது. வெப்பமண்டலக் கடலின் ஆழ்ந்த நீல நிறம் காண்போர்க்கு இன்பம் தருவது. ஆனால் கடலியலாளர் பார்வையில் அந்த நீலம் வறுமையின் நிறம். அங்கே ஒளி உண்டு, வெப்பம் உண்டு, உண்பதற்கு ஏதும் இல்லை. கடலின் உணவுச் சங்கிலி முழுவதையும் தாங்கி நிற்பவை கண்ணுக்குத் தெரியாத நுண் மிதவைத் தாவரங்கள். அவை இறந்து ஆழத்தில் மூழ்கும்போது தம் உடலிலுள்ள சத்துக்களையும் கொண்டு போகின்றன. கீழே சென்ற நைட்ரேட் மீண்டும் மேலே வர வேண்டுமானால், கீழ்நீர் மேலெழும்ப வேண்டும். வெயிலில் சூடேறிய மேல்நீர் ஒரு மூடிபோல் படுத்திருக்கும் கடற்பரப்புகளில் அந்த மேலெழுச்சி மிகக் குறைவு.

இதனை ஈடுசெய்யும் சில உயிர்கள் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது டிரைகோடெஸ்மியம் என்னும் நீலப்பச்சைப் பாசி. ஜெர்மானிய இயற்கையியலாளர் ஏரன்பர்க் செங்கடலில் கண்டு 1830-இல் பெயரிட்ட உயிர் இது; அது செந்நிறப் படலமாகப் பரவுவதாலேயே செங்கடலுக்கு அப்பெயர் வந்தது என்று கருதுவோரும் உளர். மாலுமிகள் இதைக் கடலில் மிதக்கும் மரத்தூள் என்றனர். காற்றின் நைட்ரஜனைத் தானே பிணைத்து உரமாக்கிக்கொள்ளும் வல்லமை இதற்கு உண்டு. நடுக்கடலுக்கு வெளியிலிருந்து வந்து சேரும் நைட்ரஜனில் பெரும்பங்கு இத்தகைய உயிர்களின் உழைப்பே.

அமெரிக்கக் கடலியலாளர் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்டு 1934-இல் ஒரு கட்டுரையில் சுட்டிக்காட்டிப் பின்னர் செம்மைப்படுத்திய ஒரு விகிதத்தை இங்கே அறிந்துகொள்வது நலம். கடலின் நுண் மிதவையுயிர்களில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு 16 நைட்ரஜன் அணுக்களும் 106 கார்பன் அணுக்களும் சராசரியாக உள்ளன. ஆழ்கடல் நீரில் கரைந்திருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறக்குறைய இதே 16-க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதுதான் அவரை வியக்க வைத்தது. நைட்ரஜன் குறைந்தால் பிணைக்கும் உயிர்கள் பெருகி நிரப்புகின்றன. மிகுந்தால் அவை ஒதுங்கிக்கொள்கின்றன. மறுபுறம், பிராணவாயு அற்ற நீரில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து மீண்டும் வாயுவாக்கிக் காற்றுக்கே அனுப்புகின்றன. வரவும் செலவும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் நிர்வாகம் அது. அதன் கணக்கேட்டில் புதிதாக ஒரு வரவு வந்து விழுந்தால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அந்த வரவின் தொடக்கம் ஒரு சோதனைக்கூடத்தில் நிகழ்ந்தது. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் பேரழுத்தத்தில் இணைத்து அம்மோனியாவாக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் உணவு இந்த வேதிவினையை நம்பியிருக்கிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு கோடி டன் அளவிலான நைட்ரஜன் இம்முறையில் பிணைக்கப்படுகிறது. இத்துடன் நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரியும் வெப்பத்தில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும், பயறுவகைப் பயிர்கள் பிணைப்பதையும் சேர்த்தால், இயற்கை முழுவதும் செய்யும் பணிக்கு நிகரான அளவை மனிதன் தனியாகச் செய்துகொண்டிருக்கிறான். வேறெந்த மூலகத்தின் சுழற்சியிலும் நாம் இவ்வளவு பெரிய விகிதத்தில் தலையிட்டதில்லை என்றே தோன்றுகிறது.

காற்றில் ஏறிய நைட்ரஜனுக்கு இரண்டு முகங்கள். வாகனங்களும் மின்நிலையங்களும் கக்கும் ஆக்சைடுகள் ஓரிரு நாளில் நைட்ரிக் அமிலமாகின்றன. வயலிலிருந்தும் கால்நடைக் கொட்டில்களிலிருந்தும் எழும் அம்மோனியா, அமிலங்களோடு சேர்ந்து மிக நுண்ணிய அம்மோனியம் உப்புத் துகள்களாகிறது. இத்துகள்கள் பல நாள் காற்றில் மிதந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து, மழை பிடித்து இறக்கும்போதுதான் இறங்குகின்றன. நைட்ரிக் அமிலத்தின் கதை வேறு. கடல்மேல் வந்தவுடன் அலைகள் தெறிக்கவிட்ட உப்புத் துகள்களில் அது ஒட்டிக்கொண்டு சோடியம் நைட்ரேட் ஆகிறது. உப்புத் துகள் கனமானது. மழைக்குக் காத்திராமல் தானே விழுந்துவிடும். ஆகவே நைட்ரேட் பெரும்பாலும் கரைக்கு அண்மையிலும் அம்மோனியம் வெகு தொலைவிலும் இறங்குகின்றன.

மொத்த அளவு எவ்வளவு? ராபர்ட் டியூஸ் தலைமையில் பலநாட்டு ஆய்வாளர்கள் 2008-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டனர். 2000-ஆம் ஆண்டளவில் கடலில் இறங்கிய நைட்ரஜன் சுமார் 6.7 கோடி டன், அதில் 5.4 கோடி டன் மனிதச் செயலின் விளைவு. அப்பங்கு 1860-லிருந்து ஏறத்தாழப் பத்து மடங்கு பெருகியிருக்கிறது என்பது அவர்களின் கணக்கு. வெளியிலிருந்து நடுக்கடலுக்கு வரும் நைட்ரஜனில் மூன்றில் ஒரு பங்கு இதுவாக இருக்கலாம் என்றும் அவர்கள் கூறினர். 2017-இல் டிம் ஜிக்கல்ஸும் அதே குழுவினர் சிலரும் புதிய மாதிரிகளைக் கொண்டு மறு மதிப்பீடு செய்தபோது மொத்தம் சுமார் 3.9 கோடி டன் எனக் குறைந்தது. ஒன்பதாண்டுகளில் கணக்கு இவ்வளவு மாறியதைக் கண்டு இத்துறையையே ஐயுறுவோர் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. நடுக்கடலில் மழை அளக்கும் நிலையங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. தங்கள் பழைய எண்ணைத் தாங்களே திருத்திக்கொண்டது அறிவியலின் நேர்மைக்கு அடையாளம். இரண்டு மதிப்பீடுகளும் ஒரு செய்தியில் உடன்படுகின்றன: ஆறுகள் கொண்டுவருவது பெரிதும் கண்டத்திட்டுகளை ஆட்கொள்ள, நிலத்தில் மனிதன் செய்த மாற்றம் நடுக்கடலை எட்டுவதற்கான முதன்மை வழி காற்றே.

மாதிரிக் கணக்குகளை விட்டு, கடலே எழுதி வைத்த சாட்சியம் ஒன்றைக் காண்போம். ஹாங்காங்கிற்குத் தென்கிழக்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், தென்சீனக் கடலில் தொங்ஷா என்னும் பவளத்தீவு இருக்கிறது. எந்தப் பெரிய ஆற்றின் முகத்துவாரமும் அதன் அருகில் இல்லை. மரத்தில் ஆண்டு வளையங்கள் இருப்பதுபோல் பவளத்தின் சுண்ணாம்புக் கூட்டிலும் ஆண்டு அடுக்குகள் உண்டு. அவ்வடுக்குகளுக்குள் அந்தந்த ஆண்டில் பவளம் உண்ட உணவின் நைட்ரஜன் சிறைப்பட்டிருக்கிறது. நைட்ரஜனில் எடை 14 கொண்டதும் 15 கொண்டதுமாக இரு ஐசோடோப்புகள் உள்ளன. ஆழ்கடலிலிருந்து மேலெழும் நைட்ரேட்டில் கனமான வகை சற்று மிகுதி. புகையிலிருந்தும் உரத்திலிருந்தும் காற்றுவழி வருவதில் அது குறைவு. எனவே பவளத்தில் கனமான வகையின் பங்கு குறைந்துகொண்டே வந்தால், வானிலிருந்து வரும் வரவு கூடியிருக்கிறது என்று பொருள்.

ஹாஜியா ரென் என்னும் ஆய்வாளரும் துணைவர்களும் தொங்ஷாவில் துளையிட்டு எடுத்த பவளத்தில் 45 ஆண்டுகளின் பதிவைப் படித்து, 2017-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். இருபதாம் நூற்றாண்டு முடியும் வரை பெரிய மாற்றமில்லை. புத்தாயிரம் பிறந்ததை ஒட்டிக் கனமான நைட்ரஜனின் பங்கு சரியத் தொடங்குகிறது. 2010 அளவில் அப்பகுதிக் கடலின் மேற்பரப்புக்கு ஆண்டுதோறும் வந்து சேரும் நைட்ரஜனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மனிதன் காற்றில் ஏற்றியது என்பது அவர்கள் கண்ட முடிவு. ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததைவிட இச்சரிவு பல பத்தாண்டுகள் தாமதமாகவும் சற்றுக் குறைவாகவுமே நிகழ்ந்திருக்கிறது. எதிர்பார்த்தபடியே விடை வராத ஆய்வுகளில்தான் எனக்கு நம்பிக்கை கூடுகிறது.

சிறிது வடக்கே சென்றால் செய்தி இன்னும் கடுமையாகிறது. கொரியத் தீபகற்பத்தையும் ஜப்பானையும் சூழ்ந்த கடல்களில் 1980 முதல் எடுக்கப்பட்ட நீர் அளவைகளைத் தென்கொரிய ஆய்வாளர்கள் திரட்டி 2011-இல் வெளியிட்டனர். பாஸ்பரஸுக்கு ஒப்ப நைட்ரேட்டின் அளவு அங்கே தொடர்ந்து ஏறியிருந்தது. அந்த ஏற்றம் காற்றுவழி வரவின் ஏற்றத்தோடு பெரிதும் ஒத்துச் சென்றது. இதன் விளைவாக, நைட்ரஜன் பற்றாக்குறையால் வளர்ச்சி தடைப்பட்டிருந்த விரிந்த கடற்பரப்புகள், பாஸ்பரஸ் பற்றாக்குறையால் தடைப்படும் பரப்புகளாக மாறிவிட்டன என்று அவர்கள் எழுதினர். ரெட்ஃபீல்டு கண்ட விகிதம் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் வட்டார அளவில் புரண்டிருக்கிறது.

உரம் கூடினால் விளைச்சல் கூடும், மீன் பெருகும், அதில் என்ன கேடு என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் கடல் ஒரே பயிர் நட்ட வயல் அன்று. தென்துருவத்தைச் சூழ்ந்த பெருங்கடலில் நைட்ரேட் ஏற்கெனவே தேங்கிக் கிடக்கிறது; அங்கே தட்டுப்பாடு இரும்புக்கு, ஆகவே வானிலிருந்து இறங்கும் நைட்ரஜன் பயனற்றது. வறண்ட வெப்பமண்டலக் கடலில் சிறிதளவு உரம் விழுந்தால் வளர்ச்சி கூடுகிறது. ஆயினும் எல்லா உயிர்க்கும் அது ஒரேபோல் போய்ச் சேருவதில்லை. காற்றின் நைட்ரஜனைத் தானே பிணைக்கும் உயிர்கள் அதற்காகப் பெரும் ஆற்றலையும் இரும்பையும் செலவிடுபவை. பிறர்க்கு இலவசமாகவே உரம் கிடைக்கும்போது அவை போட்டியில் பின்தங்குகின்றன. அவை சுருங்கினால் இயற்கை வரவு அந்த அளவுக்குக் குறையும். ஆகவே வானிலிருந்து வரும் ஒவ்வொரு டன்னும் முழுதாக ஒரு டன் கூடுதல் ஆகிவிடாது.

காலநிலைக் கணக்கிலும் இதுபோன்ற இழுபறி உண்டு. கூடுதலாக வளரும் மிதவைத் தாவரங்கள் கரியமில வாயுவை ஈர்த்து ஆழத்துக்குக் கொண்டுபோகின்றன, அது நன்மை. டியூஸ் குழுவினர் இதனை ஆண்டுக்கு 30 கோடி டன் கார்பன் என மதிப்பிட்டிருந்தனர். ஜிக்கல்ஸ் குழுவினர் அதைச் சரிபாதியாக்கி 15 கோடி டன் என்றனர். ஆனால் மூழ்கிய உயிர்ப்பொருள் சிதையும்போது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவும் பிறக்கிறது. எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 270 மடங்கு வெப்பமூட்டுவதும், வானின் ஓசோன் படலத்தை அரிப்பதுமான வாயு அது. கரியமில வாயுவை ஈர்த்ததால் வந்த நன்மையில் மூன்றில் இரண்டு பங்கு வரை இதனால் அழிந்துவிடக்கூடும் என்பது 2008-இன் கணிப்பு. அழிவது சிறிதளவே என்பது 2017-இன் திருத்தம். எப்படியாயினும், கடலுக்கு உரமிட்டுக் காலநிலையைச் சரிசெய்யலாம் என்று அவ்வப்போது எழும் யோசனைகளை இந்தக் கணக்கோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

இனி நம் இருபுறக் கடல்களுக்கு வருவோம். உலகக் கடலில் நைட்ரேட்டைப் பாக்டீரியாக்கள் பேரளவில் வாயுவாக்கும் பிராணவாயு அற்ற நடுநீர்ப் பகுதிகள் மூன்று. இரண்டு கிழக்குப் பசிபிக்கில் உள்ளன, மூன்றாவது அரபிக்கடல். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, நீர்மூழ்கித் தானியங்கிக் கருவிகளை ஓமான் வளைகுடாவில் இறக்கி, அங்கே பிராணவாயு முன்பு கருதப்பட்டதைவிடக் குறைந்துபோயிருப்பதைக் காட்டியது. மேற்பரப்பில் உயிர்ப்பொருள் மிகுந்தால், அது மூழ்கிச் சிதையும்போது கீழே எஞ்சியுள்ள பிராணவாயுவையும் உண்டு தீர்க்கும். மீன்கள் மேல்நீரின் மெல்லிய அடுக்குக்குள் நெருக்கப்படும்.

வங்காள விரிகுடாவின் நிலை நுட்பமானது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் அதன்மேல் மூடிபோல் கிடப்பதால் கீழிருந்து சத்து எளிதில் மேலே வருவதில்லை. ஆகவே வானிலிருந்து இறங்கும் சிறு அளவும் அங்கே பொருட்படுத்தத்தக்கது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் குளிர்மாதங்களில் கங்கைச் சமவெளியின் புகையும் அம்மோனியாவும் நேரே இக்கடலின்மீது பாய்கின்றன. தமிழகத்தில் பிறந்த வீரபத்திரன் ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் வழிநடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு 1999-இல் வட இந்தியப் பெருங்கடல்மீது படர்ந்த பழுப்புப் புகைமண்டலத்தை உலகறியச் செய்தது. கங்கைச் சமவெளி அம்மோனியா மிகுந்து தெரியும் உலகப் பகுதிகளில் முதன்மையானது என்பதைச் செயற்கைக்கோள் அளவைகள் பின்னர் காட்டின.

அக்கடலின் நடுநீரில் பிராணவாயு ஏறத்தாழ இல்லை. ஆனால் அறவே இல்லாமலும் இல்லை. லாரா பிரிஸ்டோவும் இந்தியக் கடலியலாளர்கள் உள்ளிட்ட துணைவர்களும் மிகுநுண் உணர்கருவிகளால் அளந்து 2017-இல் அறிவித்த செய்தி இது. சாதாரணக் கருவிகளுக்குச் சுழியமாகத் தெரியும் அந்த நீரில் அணுவளவு பிராணவாயு எஞ்சியிருக்கிறது. நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியாக்கள் அங்கே குடியிருக்கின்றன. அந்தக் கடைசித் துளிதான் அவற்றைப் பேரளவில் செயல்படவிடாமல் தடுக்கிறது. அது தீர்ந்தால் வங்காள விரிகுடாவும் அரபிக்கடலைப் போல் நைட்ரஜனைப் பேரளவில் இழக்கும் கடலாகக்கூடும். கூடுதல் உரம் அந்தத் துளியைத் தின்னும் திசையிலேயே செல்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு தடங்கலையும் சொல்லியாக வேண்டும். வட அட்லாண்டிக்கின் பெர்முடாத் தீவில் மழைநீரைச் சேகரித்து ஆராய்ந்த கேட்டி ஆல்டியேரியும் துணைவரும், அதிலுள்ள அம்மோனியத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கரையிலிருந்து வந்ததன்று, கடலே வெளிவிட்டு மீண்டும் பெற்றுக்கொண்டது என்று 2014-இல் ஐசோடோப்புச் சான்றோடு காட்டினர். எனில், நடுக்கடலில் விழும் அம்மோனியம் அனைத்தையும் நம் கணக்கில் எழுதுவது பிழை. நைட்ரேட்டுக்கு இந்த ஐயம் இல்லை. அது பெரும்பாலும் நிலத்திலிருந்து வந்ததே.

திருத்தம் இயலாததும் அன்று. ஐரோப்பிய நாடுகள் 1999-இன் கோத்தன்பர்க் உடன்படிக்கைக்குப் பின் நைட்ரஜன் ஆக்சைடுகளைக் கணிசமாகக் குறைத்துள்ளன. பால்டிக் கடலுக்குச் செல்லும் நைட்ரஜனில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காற்றுவழி வருவதால், அங்கும் வடகடலிலும் இயங்கும் புதிய கப்பல்களுக்கு 2021 முதல் கடுமையான புகை வரம்பு விதிக்கப்பட்டிருக்கிறது. சீனாவில் 2012-ஐ ஒட்டி உச்சத்தைத் தொட்ட நைட்ரஜன் ஆக்சைடுகள் அதன்பின் இறங்கி வருகின்றன. புகைபோக்கியில் வடிகட்டி பொருத்துவது ஒப்பீட்டளவில் எளிது. கோடிக்கணக்கான சிறு வயல்களிலிருந்து எழும் அம்மோனியாவுக்கு அத்தகைய வடிகட்டி ஏதும் இல்லை. இந்தியா 2015-இல் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சைக் கட்டாயமாக்கியது. அப்பூச்சு மண்ணில் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துவது. நீரோடு வழியும் இழப்பைக் குறைக்க வல்லது. ஆனால் வாயுவாக எழும் அம்மோனியாவை அது தடுப்பதில்லை. அம்மோனியமாகவே நெடுநேரம் மண்ணில் தங்குவதால் அந்த இழப்பு சில நிலங்களில் கூடவும் செய்கிறது. யூரியாவை மேலாக இறைக்காமல் மண்ணுக்குள் புதைத்து இடுவதும், இட்டவுடன் நீர் பாய்ச்சுவதுமே அதைத் தடுக்கும் வழிகள். அவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. கூடுதல் கூலியையும் நேரத்தையும் கேட்பவை என்பதாலேயே வயலில் அரிதாகக் காணப்படுகின்றன.